தணலில் மொறுமொறுக்கும் கோழிச் செட்டை

கோழிச் செட்டையைத் தணலில் சுட்டால் மேலே கருகும், எலும்போரம் வேகாது என்பது எங்கள் வீட்டில் பலரது முடிவு. அதனால் பெருநாள் இரவில் மொட்டை மாடியில் அடுப்பு மூட்டினாலும், செட்டை மட்டும் எண்ணெய்ச் சட்டிக்குத்தான் போகும். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. தோலின் ஈரத்தை எப்போது போக்குகிறோம், நெருப்பை எங்கே வைக்கிறோம் என்பவற்றில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

செட்டையில் இறைச்சி குறைவு, தோல் அதிகம். அந்தத் தோலில் நீரும் கொழுப்பும் கொலாஜன் என்ற புரதமும் உள்ளன. நீர் ஆவியாகி முடியும்வரை தோலின் வெப்பநிலை 100 பாகை செல்சியசைத் தாண்டுவது கடினம். (மறைவெப்பக் கணக்குச் செய்து களைத்தவர்களுக்கு இது புதிதல்ல.) பொன்னிறத்தையும் மணத்தையும் தருவது அமினோ அமிலங்களும் வெல்லங்களும் ஈடுபடும் மெயிலார்ட் தாக்கம். பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி கமில் மெயிலார்ட் 1912இல் விவரித்த இத்தாக்கம் 140 பாகை அளவில்தான் வேகம் பிடிக்கிறது. ஈரத்தோலை நெருப்பில் போட்டால் அது முதலில் அவியத்தான் செய்யும்.

எனவே வேலை முதல்நாளே தொடங்குகிறது. ஒரு கிலோ செட்டையை நன்றாக ஒற்றித் துடைத்து, உப்பு, மிளகுத்தூள், கொச்சிக்காய்த்தூளுடன் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடரும் பிரட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடாமல் இரவு முழுவதும் வைக்க வேண்டும். பேக்கிங் பவுடர் தோலைச் சற்றே காரத்தன்மையாக்கி மெயிலார்ட் தாக்கத்தை விரைவுபடுத்தும். அதே அளவில் அப்பச்சோடா போட்டால் சவர்க்காரம் போல் கைக்கும். தேசிக்காய்ப் புளி அமிலம், ஆகவே எதிர்வேலை செய்யும். உம்மாவுக்குப் புளி சேராத கோழி கோழியே அல்ல. பரிமாறும்போது பிழிவோம் என்று சமாதானம் செய்தேன்.

கரிக்குச் சிரட்டைக்கரி நல்லது. மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வாடை கடைசிவரை போகாது. கரி சாம்பல் பூத்ததும் முழுவதையும் ஒரு பக்கம் ஒதுக்கி, செட்டைகளை மறுபக்கம் அடுக்கி மூட வேண்டும். மூடி இல்லாவிட்டால் பெரிய அலுமினியச் சட்டியைக் கவிழ்க்கலாம், காற்றுப் போக இடைவெளி விட்டு. ஏறத்தாழ 40 நிமிடம். நடுவில் ஒருமுறை புரட்டினால் போதும். கொழுப்பு மெதுவாக உருகித் தணலில் படாமல் வடியும். இறுதியில் ஓரிரு நிமிடம் தணலுக்கு நேர்மேலே வைத்துப் புரட்டினால் தோல் மொறுமொறுக்கும்.

கொழுப்பு தணலில் சொட்டினால் தீ எழும். அந்தப் புகையில் உருவாகும் பல்வளைய நறுமண ஐதரோகாபன்கள் உணவில் படியும். அவற்றுள் சில புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. ஆதலால் கருகலை "சுட்ட ருசி" என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வேகாத கோழியில் சல்மொனெல்லா போன்ற பக்டீரியாக்கள் உயிருடன் இருக்கும். விருந்தில் கைக்குழந்தைகளும் உம்மும்மாவும் சாப்பிடுவார்கள். உட்புறம் குறைந்தது 74 பாகையை எட்ட வேண்டும். நிறத்தை நம்ப முடியாது: இளங்கோழியின் எலும்பு மச்சையால், வெந்த பிறகும் எலும்போரம் சிவந்திருக்கலாம். சமையல் வெப்பமானி ஒன்று வாங்குவது வீண்செலவல்ல. செட்டைக்கு 85 பாகை இன்னும் நல்லது. கொலாஜன் ஜெலற்றினாக மாறி இறைச்சி எலும்பை விட்டு இலகுவாகக் கழரும். பச்சைக் கோழி வைத்த தட்டில் சுட்டதை வைக்கக் கூடாது.

தேனோ இனிப்புச் சோஸோ பூசுவதானால் கடைசி நிமிடத்தில். முன்பே பூசினால் சீனி கருகும். சுட்டதை மூடி வைக்காதீர்கள், நீராவி தோலை மறுபடி நனைத்துவிடும்.