கரோக்கேயிற் பாடத்தக்க பாட்டு

பழைய மாணவர் கூடுமிடத்தும், நண்பர் இல்லத்து விருந்திலும், கிறிஸ்துமஸ் காலத்து மாலைப்பொழுதிலும் கரோக்கே என்னும் இசைவிளையாட்டு இக்காலத்தில் இடம்பெற்று வருகின்றது. இதிற் பாட முன்வருவோர் பலர். பாடத்தக்க பாட்டைத் தெரிந்தெடுப்போர் சிலரே. அத்தெரிவுக்குரிய நெறி யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கரோக்கே என்பது ஜப்பானியச் சொல். 'கரா' என்பது வெறுமையையும், 'ஓகே' என்பது வாத்தியக் குழுவையும் குறிக்கும். அஃதாவது, பாடகர் குரல் நீங்கிய பக்கவாத்தியம். 1971-ஆம் ஆண்டில் கோபே நகரத்து வாத்தியக்காரராகிய இனோவே டைசுகே இதற்குரிய கருவியொன்றை அமைத்தார். அதற்குக் காப்புரிமை பெற்றாரல்லர். இன்றைய கருவியில் இசை ஒலிக்கும்; சொற்கள் திரையில் தோன்றும்; குரல் ஒன்றே நாம் கொடுக்கவேண்டுவது.

நீலகிரியில் பழைய ஆங்கிலப் பாடல்கள் விரும்பப்படுதல் வியப்பன்று. உதகை, குன்னூர் ஆலயங்களும், 1858-இல் தோன்றிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி முதலிய கலாசாலைகளும், தேயிலைத் தோட்டத்துரைமாரின் கிளப்புகளும் ஆங்கிலப் பாட்டை இம்மலைக்குப் பழக்கமாக்கின. 1950-களிலும் 1960-களிலும் இலங்கை வானொலியின் ஆங்கில நிகழ்ச்சிகளைத் தென்னிந்தியர் பலர் ஆவலோடு கேட்டனர். எனவே பாடல்களுக்குக் குறைவில்லை, தெரிவுதான் அரிது. பொருட்பாலில் வள்ளுவர் அதிகாரம் வகுத்துக் கூறிய வலியறிதல், காலமறிதல், அவையறிதல் என்னும் மூன்றும் இதற்கு ஏற்ற அளவுகோல்களாம்.

முதலாவது வலியறிதல். நாம் விரும்பும் பாட்டு வேறு. நம் குரலுக்கு இசைந்த பாட்டு வேறு. ஜிம் ரீவ்ஸ் 1959-இல் வெளிவந்த 'ஹீல் ஹாவ் டு கோ' என்னும் பாட்டை ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று ஆழ்ந்த குரலில் மெல்லப் பாடினார். அடிச்சுரம் எட்டாதார் வாயில் அது வெறும் முணுமுணுப்பாய் முடியும். பீ ஜீஸ் சகோதரரின் 'ஸ்டேயின் அலைவ்' என்னும் 1977-ஆம் ஆண்டுப் பாட்டோ, இயற்கைக் குரலுக்கு மேற்பட்ட பொய்க்குரலில் உயர்ந்து செல்வது. ஆகவே, பாட்டின் தொடக்கத்தை மட்டும் பாடிப்பார்த்துத் துணிதல் தகாது; அதன் உச்சத்தையும் அடியையும் முன்னரே பாடிப்பார்த்தல் வேண்டும். இருபது வயதில் எட்டிய சுரம் அறுபதில் எட்டாமை இயற்கையே. கருவியிற் சுருதியைத் தாழ்த்தவும் உயர்த்தவும் வழியுண்டு. அதனைப் பயன்படுத்த நாணவேண்டா. பழைய சுருதியிற் பாடிக் குரல் உடைவதினும், இரண்டொரு படி தாழ்த்தி நிறைவாகப் பாடுதலே பாட்டுக்கும் அதன் நினைவுக்கும் நாம் செய்யும் மரியாதை. மேலும், உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் முக்கால் பங்களவே. சமவெளியிலிருந்து அன்றே ஏறிவந்தவர் நீண்ட மூச்சு வேண்டும் பாட்டை மறுநாளைக்கு வைத்தல் நலம்.

இரண்டாவது காலமறிதல். ஈகிள்ஸ் குழுவினரின் 'ஹோட்டல் கலிபோர்னியா' 1976-இல் வெளிவந்தது; ஆறரை நிமிஷம் நீள்வது. அதன் இறுதி இரண்டு நிமிஷமும் கிதார் இசையே. அவ்வளவு நேரமும் பாடுபவர் கைகட்டி நிற்கவேண்டும்! மற்றொரு காலமும் உண்டு. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே நிகழ்ந்தவை பின்னாளில் மிகுதியாக நினைவில் எழுகின்றன என்று உளநூலார் கண்டுள்ளனர். ஆதலின், கேட்போர் இருபது வயதினராயிருந்த காலத்துப் பாட்டு அவர் உள்ளத்தை எளிதில் தொடும்.

மூன்றாவது அவையறிதல். 1936-இல் நம் சென்னையிற் பிறந்த எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் 1967-இல் 'ரிலீஸ் மீ' பாடி இங்கிலாந்தில் முதலிடம் பெற்றார். இனிய மெட்டுத்தான், ஆயின் அதன் பொருள், காதற் பிணைப்பினின்று தன்னை விடுவிக்குமாறு வேண்டுவது. அதனை மணவிழாவிற் பாடுவார் மெட்டறிந்தாரேயன்றிப் பொருளறிந்தாரல்லர். கரோக்கேக் கருவி தோன்றிய அதே 1971-இல் ஜான் டென்வர் பாடி வெளிவந்த 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' என்பதோ, மலைநாட்டு வீட்டுக்குத் திரும்பும் ஏக்கத்தைக் கூறுவது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைக் குறித்தெழுந்ததாயினும், வளைந்தேறும் பாதையறிந்த நீலகிரியார்க்கு அது அயற்பாட்டன்று. அதன் பல்லவி எளிது; மீண்டும் மீண்டும் வருவது; அவை முழுதும் உடன்பாட இடந்தருவது.

இவற்றால் விளங்குவது யாது? மூலப் பாடகரைப்போலப் பாடிக் காட்டுதல் கரோக்கேயின் பயனன்று. குரலில்லையென்று கூசிக் கடைசி நாற்காலியில் அமர்ந்திருப்பவர், பல்லவி வரும்போது தம்மையறியாது வாய்திறப்பாராயின், அன்று தெரிந்தெடுத்த பாட்டு நற்பாட்டேயாம். அடுத்த முறை நம் கல்லூரி நண்பர் கூடுமிடத்து, நமக்குப் புகழ்தரும் பாட்டைத் தேடாது, அவர் வாயைத் திறப்பிக்கும் பாட்டைத் தேடுவோமாக.