பழைய காருக்குப் பவர் ஏரியல்: ஓட்டை போடும் முன் யோசியுங்கள்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கியா பார்ம் சந்தைப் பக்கம் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது காய்கறிக் கடைகள் என்றால், அடுத்துப் படுவது பழைய லேண்ட் ரோவர்கள்தாம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வண்டிகள் இன்றும் கோஸ் மூட்டைகளைச் சுமந்துகொண்டு செங்குத்தான மண்பாதைகளில் ஏறி இறங்குகின்றன. அவற்றுக்கு நடுவே, அப்பா ஓட்டிய மோரிஸ் மைனரையோ மெர்சிடிஸையோ விற்க மனமில்லாமல் புதுப்பித்து ஓட்டுகிற பிள்ளைகளும் உண்டு.

என்ஜினைப் பிரித்துப் பூட்டி, பெயிண்ட் அடித்து, இருக்கைகளைத் தைத்து முடித்த பிறகு இவர்களுக்கு வருகிற கடைசி ஆசை வானொலி. பட்டனை அழுத்தியதும் மட்கார்டிலிருந்து தானாக எழுந்து நிற்கும் பவர் ஏரியல் இருந்தால் இன்னும் அழகு என்று நினைக்கிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் ஒரு பழைய காரில் செய்கிற வேலைகளில் திரும்பப் பெற முடியாதது ஓட்டை போடுவது. தவறான என்ஜின் எண்ணெயை மாற்றிவிடலாம். தவறான இடத்தில் போட்ட ஓட்டையை அடைக்க வெல்டிங்கும் பெயிண்ட்டும் வேண்டும். அடைத்த பிறகும் அது பழைய மட்கார்டு ஆகாது.

வானொலி வெறும் பொழுதுபோக்கா?

மலைவாசிகளுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. 1946ஆம் ஆண்டு ரேடியோ மலாயா தொடங்கிய காலத்திலிருந்து தமிழ் ஒலிபரப்பு தோட்டப்புற மக்களோடு கலந்தது. லயத்து வீட்டில் ஒரு பெட்டி பாடினால் நாலு வீடு கேட்ட காலம் அது. பின்னாளில் 'வானொலி 6' ஆகி, 2005இல் மின்னல் எஃப்.எம். என்று பெயர் மாறியும் அந்த உறவு விட்டுப்போகவில்லை.

பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. மழையும் மண்சரிவும் இந்த மலைக்குப் புதிதல்ல. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. கைத்தொலைபேசி அலை எட்டாத வளைவுகளில் காரில் உள்ள வானொலி ஒரு துணை. அது தெளிவாகக் கேட்க வேண்டுமானால் ஏரியல் சரியாக இருக்க வேண்டும்.

கம்பியின் நீளத்தில் ஒரு கணக்கு

பண்பலை ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். ஏரியல் கம்பி அதில் கால்பங்கு, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். கார் ஏரியல்கள் ஏறக்குறைய ஒரு கஜத்துக்குள் இருப்பதன் இரகசியம் இதுதான். பவர் ஏரியல் பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டால் ஒலி மங்குவதும் இதனால்தான்.

பழைய மத்திய அலை ஒலிபரப்பின் கணக்கு வேறு. 1,000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். கால்பங்கு 75 மீட்டர். அந்த நீளத்தைக் காரில் கட்ட முடியாது. ஆகவே பழைய வானொலிப் பெட்டியில் ஏரியல் துளைக்கு அருகில் ஒரு சிறு திருகாணி வைத்து, கம்பிக்கும் பெட்டிக்கும் பொருத்தம் பார்க்கச் செய்தார்கள். ஏரியலை மாற்றினால் அந்தத் திருகாணியையும் மெல்லத் திருகி, பலவீனமான ஒரு நிலையம் உரக்கக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். காரோடு வந்த பெட்டி மத்திய அலை மட்டுமே பிடிப்பது என்றால், எவ்வளவு நல்ல ஏரியல் பூட்டினாலும் அதில் பண்பலை கேட்காது. முதலில் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பிறகு ஏரியல் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கியா பார்முக்கு மேலே சுமார் 2,030 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. பண்பலை அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும் இயல்புடையது. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற மேட்டில் ஒலி கணீரென்று இருக்கும். ஒரு மலைமுடுக்கைத் திரும்பியதும் இரையும். இதைக் கேட்டு ஏரியல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. அலையைப் பெருக்கும் 'பூஸ்டர்' வாங்கிப் போடுவதும் இங்கே எப்போதும் பலன் தராது. கோபுரத்துக்கு அருகில் வரும்போது அலை ஏற்கெனவே பலமாக இருப்பதால், பெருக்கி அதை இன்னும் கூட்டிப் பெட்டியைத் திணறடிக்கும்.

உள்ளே நடப்பது என்ன?

பவர் ஏரியலில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் உள்ளன. அவற்றின் நடுவே பற்கள் உள்ள நைலான் கயிறு ஒன்று ஓடுகிறது. அடியில் உள்ள சிறு மோட்டார் பற்சக்கரத்தைச் சுழற்றி அந்தக் கயிற்றைத் தள்ளினால் கம்பி எழும். இழுத்துச் சுருட்டினால் இறங்கும். முழுத்தானியங்கி வகைக்கு வழக்கமாக மூன்று இணைப்புகள்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் நிரந்தர மின்சாரம், எர்த், வானொலியைப் போட்டதும் கட்டளை கொடுக்கும் ஒயர். இன்றைய பெட்டிகள் பலவற்றில் இந்தக் கட்டளை ஒயர் நீல நிறம். பழைய பெட்டியில் அது இருக்காது. அதற்குத் தனிச் சுவிட்சு வைத்து ஏற்றி இறக்கும் வகையை வாங்க வேண்டும்.

பலரும் தவறுவது எர்த்தில்

1960களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருந்தது. இன்றைய வானொலியும் பவர் ஏரியலும் நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்டவை. இதைக் கவனிக்காமல் பூட்டினால் ஃபியூஸ் போகும், பெட்டியும் கருகலாம்.

சிலர் வானொலியை ஒரு மரப்பலகையில் பொருத்தி, உடலைத் தொடாமல் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஏரியல் ஒயரின் வெளிப்புறப் பின்னல் வானொலியின் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கிறது. அதன் மறுமுனை ஏரியலின் அடிப்பகுதி வழியாக மட்கார்டைத் தொடுகிறது. பலகையில் தடுத்த மின்சாரம் ஏரியல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஒரு நல்ல ஒயரிங் தொழிலாளியிடம் கொடுத்து, டைனமோவின் துருவத்தையும் மாற்றி, காரை முறையாக நெகட்டிவ் எர்த்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் இல்லாத, கையால் இழுக்கும் ஏரியலோடும் அந்தக் காலத்துப் பெட்டியோடும் திருப்தி அடைய வேண்டும். 6 வோல்ட்டில் ஓடும் பழைய பீட்டல் போன்ற கார்களில் 12 வோல்ட் மோட்டார் ஒழுங்காக எழாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓட்டை போடும் முறை

முதலில் ஏரியலைத் தரையில் வைத்து, பேட்டரியோடு இணைத்து ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். பிறகு மட்கார்டின் உள்ளே இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். மோட்டாரும் குழாயும் உள்ளே நல்ல ஆழம் கேட்கும். சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கேயும் உரசாது என்று உறுதி செய்த பிறகே இடத்தைக் குறிக்க வேண்டும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மட்கார்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் குறியிட்டு, சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். விளிம்பை அரத்தால் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு பூச வேண்டும். அடிப்பக்கத்தில் ஏரியல் தொடும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்து, பூட்டிய பின் அந்த இடத்தில் வாஸ்லின் தடவ வேண்டும். அந்தத் தொடர்பு சரியில்லை என்றால் வானொலியில் என்ஜின் இரைச்சல்தான் கேட்கும். ஒயரை இக்னிஷன் காயிலுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. தகரத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம்.

கேமரன் மலையின் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் இன்னொன்று முக்கியம். கம்பி வழியாக இறங்கும் நீர் வெளியேற அடியில் ஒரு சிறு குழாய் இருக்கும். அதைக் கீழ்நோக்கி விட வேண்டும். அது மேல்நோக்கியோ மடிந்தோ இருந்தால் மோட்டாருக்குள் நீர் தேங்கி, சில மழைக்காலங்களிலேயே அது பழுதாகும்.

லேண்ட் ரோவருக்கு வேண்டுமா?

போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவையால் செய்யப்பட்டது. அது துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அலுமினியத்தோடு இரும்புத் திருகாணி சேர்ந்து ஈரமும் பட்டால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். தவிர, தோட்டப் பாதையில் சக்கரம் வாரியடிக்கும் சேறு முழுவதும் மட்கார்டுக்குள்தான் போய்ச் சேரும். அங்கே மோட்டாரை வைப்பது அதைப் புதைப்பதற்குச் சமம். உழைக்கிற வண்டிக்குச் சாதாரணக் கம்பி ஏரியலே ஏற்றது. டீசல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக் இரைச்சலும் கிடையாது.

மட்கார்டில் முன்பே ஏரியல் ஓட்டை உள்ள கார், தொழிற்சாலையிலேயே பவர் ஏரியல் கொடுக்கப்பட்ட மெர்சிடிஸ் போன்ற கார் என்றால் தாராளமாகப் பூட்டலாம். ஓட்டையே இல்லாத அபூர்வக் கார் என்றால், கண்ணாடியில் ஒட்டும் ஏரியலை முதலில் சோதித்துப் பார்க்கலாம். ஒலி சற்றுக் குறையலாம், காருக்குச் சேதமில்லை.

பூட்டிய பிறகு பராமரிப்பு எளிது. மாதம் ஒருமுறை கம்பியை முழுதாக எழுப்பி, ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை நீவிவிட வேண்டும். கிரீஸ் பூசினால் தூசி ஒட்டிக் குழாய்கள் இறுகும். கம்பி அசையாமல் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தால் நைலான் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். உடனே ஃபியூஸைக் கழற்றாவிட்டால் மறுநாள் காலை பேட்டரி இறங்கிக் கிடக்கும்.

அப்பாவின் காரைக் காப்பாற்றுவது என்றால் அதன் தோற்றத்தை மட்டும் காப்பாற்றுவதல்ல. அதில் உட்கார்ந்து அவர் கேட்ட வானொலியைத் தன் பிள்ளைகளோடு கேட்பதும் அதில் அடக்கம். அதற்காக ஒரு ஓட்டை போடத்தான் வேண்டும் என்றால் போடலாம். இரண்டு முறை அளந்து, ஒரே முறை துளைக்க வேண்டும்.