மெய்நிகர் கணினியும் அமைப்புச் சோதனையும்

ஒரு கணினியினுள்ளே பல கணினிகள் தனித்தனி இயங்குமாறு செய்யும் மென்பொருளை மெய்நிகராக்க மென்பொருள் என்பர். பிரான்ஸ் தேசத்தவரான பாப்ரிஸ் பெல்லார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கியூஎமு, 2007ஆம் ஆண்டில் லினக்ஸின் கருவோடு இணைந்த கே.வி.எம்., இவற்றை ஆளுதற்கு உதவும் லிப்வேர்ட் என்பன இத்துறையிற் பெயர்பெற்றவை. இவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

மெய்நிகர் கணினிக்கு எவ்வளவு நினைவகம், எந்த வட்டு வேண்டும் என்பவற்றை உரியவர் அமைப்புக் கோப்பொன்றில் எழுதிக்கொடுப்பர். எழுதியது ஒன்றும் இயங்குவது வேறொன்றுமாயின் விளைவது யாது? அதனையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

பழைய பதிவேடுகள் அடங்கிய வட்டினை வாசிக்கலாம், மாற்றலாகாது என ஓர் அலுவலகம் விதிக்க விரும்புகின்றது எனக் கொள்வோம். லிப்வேர்ட்டின் கோப்பில் அதற்கென ஒரு சொல் உண்டு. அச்சொல்லில் ஓரெழுத்துப் பிழைத்தால், மென்பொருள் அதனைத் தான் அறியாத சொல்லென வாளா விட்டுச் செல்லும். கணினி குறைவின்றி இயங்கும். வட்டோ காவலின்றிக் கிடக்கும். பிழையென்று கூறி நின்றுவிடும் கருவியினும், பேசாது பிழையை ஏற்கும் கருவியே அஞ்சத்தக்கது.

இதற்கு மருந்தாக, எச்சொல் எவ்விடத்து வரலாம் என வகுத்துரைக்கும் இலக்கணமொன்று லிப்வேர்ட்டில் உண்டு. கோப்பினை அதனோடு ஒப்புநோக்குமாறு பணித்தால், பிழைச்சொல் வாயிலிலேயே தடுக்கப்படும். எனினும் இலக்கணம் மட்டும் போதாது. இரு வட்டுகளுக்கு ஒரே பெயரிட்டால் சொல் வழுவாது, பொருள் வழுவும். ஆதலின் பொருளையும் தனியே ஆராய்தல் வேண்டும்.

கோப்புச் செவ்வையாக இருந்தும் இடர் நேர்வதுண்டு. 2015 மே மாதத்தில் வெளிப்பட்ட ‘வெனம்’ என்னும் குறைபாடு இதற்குச் சான்று. கியூஎமுவின் நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தியில் 2004ஆம் ஆண்டு முதல் அது மறைந்து கிடந்தது. கட்டளைகளைத் தாங்கும் 512 பைற்று இடம் நிரம்பி வழியுமாறு செய்து, உள்ளிருக்கும் கணினி தன்னைத் தாங்கும் கணினியையே கைப்பற்ற வழியிருந்தது. நெகிழ்வட்டு வேண்டாவென அமைப்பில் நீக்கியோருக்கும் காவலில்லை. கட்டுப்படுத்தியின் நிரல் உள்ளே இயங்கிக்கொண்டேயிருந்தது.

ஆகவே சோதனையும் இருதிறத்ததாதல் வேண்டும். ஒன்று, அறிந்ததைச் சோதித்தல். லிப்வேர்ட்டில் மாதிரிக் கோப்புகள் பல உள. ஒவ்வொன்றிலிருந்தும் பிறக்கவேண்டிய கட்டளை முன்னரே எழுதிவைக்கப்பட்டுள்ளது. நிரல் மாறுந்தோறும் இரண்டும் வரிக்கு வரி ஒப்பிடப்படும். மறுக்கவேண்டிய கோப்பு மறுக்கப்படுகின்றதா என்பதும் பார்க்கப்படும். மற்றையது, அறியாததைத் தேடுதல். தாறுமாறான கட்டளைகளை மெய்நிகர்ச் சாதனங்களுக்கு இடைவிடாது ஊட்டி, அவை எங்கே நிலைகுலைகின்றன எனக் காணும் முறை 2020ஆம் ஆண்டில் கியூஎமுவிற் சேர்க்கப்பட்டது.

புதிய வசதியொன்றை ஆக்குவோர் புகழ்பெறுவர். சோதனையொன்றை எழுதுவோரை எவரும் அறியார். ஆயினும், நோயாளர் குறிப்பையும் வங்கிக் கணக்கையும் இத்தகைய கணினிகளில் வைக்கும் உலகம் அவ்வறியப்படாதோரின் உழைப்பை நம்பியே நிற்கின்றது. அவ்வேலைக்கு வாயில் திறந்தேயுள்ளது. ஒரு பிழைக்கோப்பும், அதனை மறுக்கவேண்டுமென்னும் ஒரு சோதனையும் எழுதத் தெரிந்த மாணவன் எவனும் இன்றே அதனுட் புகலாம்.