உங்களுக்குத் தெரியுமா? நாய் ஏன் பூனைப் பீயைத் தேடித் தின்கிறது?

பூனையின் உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம். அவற்றில் செரிக்காத மிச்சத்தின் வாசனைதான் நாயை இழுக்கிறது. பட்டினி போட்டாலும் அடித்தாலும் இப்பழக்கம் போகாது.

ஆபத்து புழுக்களில் இருக்கிறது. நாய், பூனை, மனிதர் மூவரையும் தொற்றும் ஒரு கொக்கிப்புழுவின் பெயர் ‘அன்சைலோஸ்டோமா சிலானிக்கம்’. இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிலிருந்து கிடைத்த இப்புழுவை ஆர்தர் லூஸ் 1911இல் விவரித்தார். இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில், பீயோடு வெளியேறும் இதன் முட்டைகள் பொரிக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குடம்பிகள் தொற்றும் நிலையை அடையும்.

செய்ய வேண்டியவை

• பூனைப் பீயை அன்றாடம் அள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.
• லயத்து மரக்கறிப் பாத்திகளின் மேல் முள்கிளையோ வலையோ பரப்புங்கள்; பூனை அங்கே தோண்டாது.
• ‘விடு’ என்றதும் நாய் விலகினால், உடனே கருவாட்டுத் துண்டு ஒன்று கொடுத்துப் பழக்குங்கள்.
• நாய், பூனை இரண்டுக்கும் கால்நடை வைத்தியர் சொல்லும் அளவில் பூச்சி மருந்து கொடுங்கள்.
• பிள்ளைகளைச் செருப்பில்லாமல் மண்ணில் விளையாட விடாதீர்கள். இப்புழு தோல் வழியாகவும் நுழையும்.