எப்படி இயங்குகிறது? பிக்கப் வண்டியும் கரண்டிக் காம்பும்

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை நான்கு கதவு கேபினோடு வாங்கப் போனால், பின்னால் இருக்கும் தொட்டி இரண்டு அளவில் கிடைக்கும்: ஐந்தரை அடி, ஆறரை அடி. அதற்கு மேற்பட்ட கனரக எஃப்-250, எஃப்-350 ரகங்களில் ஆறே முக்கால் அடி, எட்டு அடி. ஷார்ட் பெட், லாங் பெட் என்று அங்கே சொல்வது இதைத்தான். ப்ளைவுட் பலகை ஏற்றுகிற தச்சருக்கு இதில் குழப்பமே இல்லை. பலகை எட்டு அடி, தொட்டியும் எட்டு அடி வேண்டும். ட்ரெய்லர் இழுக்கப் போகிறவருக்குத்தான் சிக்கல். ட்ரெய்லர் தொட்டிக்கு வெளியே, பின்னால்தானே வருகிறது? தொட்டி குட்டையாக இருந்தால் என்ன, நீளமாக இருந்தால் என்ன?

நீளம்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு, குட்டையே தாராளம் என்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இரு தரப்பும் வேறு வேறு ட்ரெய்லரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ட்ரெய்லரின் பாரம் வண்டியின் எந்த இடத்தில் வந்து இறங்குகிறது என்பதை முதலில் கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதைப் பார்க்க அடுக்களைக்குப் போகலாம்.

ஒரு கனமான பாத்திரத்தை மேடையில் வையுங்கள். நீளக் காம்புள்ள குழம்புக் கரண்டியை அதன் விளிம்பில் குறுக்காகக் கிடத்துங்கள். கரண்டியின் குழி பாத்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். காம்பு உள்பக்கம் இருக்கட்டும், அதன் நுனியை ஒரு விரலால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். இப்போது குழியில் சாம்பாரை ஊற்றினால் குழி கீழே இறங்கப் பார்க்கும், காம்பு நுனி உங்கள் விரலை மேலே தள்ளும்.

பாத்திரத்தின் விளிம்புதான் பிக்கப்பின் பின் அச்சு. குழி இருக்கும் இடம் ட்ரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் குண்டு. சாம்பார், ட்ரெய்லரின் மூக்கு அந்தக் குண்டின் மேல் அழுத்துகிற பாரம். காம்பை அழுத்தும் விரல், முன் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சினின் கனம். விளிம்பிலிருந்து விரல் வரையுள்ள காம்பின் நீளம்தான் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம். காம்பு நீளமாக இருந்தால் விரலுக்குச் சிரமம் குறைவு. குழி விளிம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக விரலுக்குச் சிரமம் அதிகம். மொத்தக் கணக்கும் இவ்வளவுதான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பம்பருக்குக் கீழே மாட்டி இழுக்கும் ட்ரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் அளவு. 6,500 பவுண்ட் ட்ரெய்லருக்கு 800 பவுண்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 360 கிலோ. பின் அச்சிலிருந்து குண்டு வரை 60 அங்குலம் என்று வைப்போம். இன்றைய நான்கு கதவு எஃப்-150இல் ஐந்தரை அடித் தொட்டி வண்டியின் வீல்பேஸ் 145.4 அங்குலம், ஆறரை அடி வண்டிக்கு 157.2. எண்ணூறை அறுபதால் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால் முன் சக்கரங்களிலிருந்து கழன்று போகும் பாரம் கிடைக்கும். குட்டை வண்டியில் சுமார் 330 பவுண்ட், நீள வண்டியில் சுமார் 305. கழன்ற பாரமும் பின் அச்சின் தலையில்தான் விழும். ஆகவே குண்டின் மேல் 800 பவுண்டை வைத்தால் பின் அச்சு உணர்வது 1,100க்கும் மேல். முதல் தடவை கணக்குப் போடுகிற பலரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டு வண்டிகளுக்கும் இடையே வித்தியாசம் 25 பவுண்ட்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பம்பரில் மாட்டும் ட்ரெய்லருக்கு, முன்பக்கம் தூக்கும் என்ற ஒரே காரணத்துக்காக லாங் பெட் வாங்குவது வீண்.

அந்த அளவுகளில் இன்னொன்றும் தெரிகிறது. இரண்டு வண்டிகளின் மொத்த நீளம் 231.7 அங்குலம், 243.5 அங்குலம். வித்தியாசம் 11.8. வீல்பேஸ் வித்தியாசமும் அதே 11.8. கூடுதலாகக் கிடைத்த ஓர் அடித் தொட்டி முழுவதும் பின் அச்சுக்கு முன்னால் சேர்ந்திருக்கிறது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மாறவே இல்லை. காம்பு வளர்ந்தது, குழி நின்ற இடத்திலேயே நிற்கிறது. எஃப்-250இலும் இப்படித்தான்.

ஆனால் வீல்பேஸைத் தீர்மானிப்பது தொட்டி மட்டுமல்ல, கேபினும் சேர்ந்துதான். இரண்டே கதவுள்ள எஃப்-150இல் எட்டு அடித் தொட்டி இருந்தாலும் வீல்பேஸ் 141.5 அங்குலம்தான். நான்கு கதவு, ஐந்தரை அடித் தொட்டி வண்டியைவிட அது குறைவு. லாங் பெட் என்ற பெயரை மட்டும் நம்பி, காம்பு நீளம் என்று நினைத்து வாங்கினால் குட்டைக் காம்பு கையில் வரும்.

முன்பக்கம் தூக்குவதற்கு வேறு நல்ல மருந்து இருக்கிறது. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்பார்கள். ஹிட்ச் தலையிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் ட்ரெய்லர் சட்டத்தின் இரு பக்கமும் பின்னோக்கிப் போகும். அவற்றை வில்லாக வளைத்துச் சங்கிலியிலோ தாங்கியிலோ பூட்டுவார்கள். இன்னொரு கையால் கரண்டிக் குழியைப் பிடித்து மேல்நோக்கி முறுக்கினால் காம்பு நுனி மறுபடி கீழே இறங்கி, விரலுக்குச் சிரமம் குறையும் அல்லவா? அதே வேலையைத்தான் இந்தக் கம்பிகள் செய்கின்றன. பின் அச்சின் சுமையில் ஒரு பகுதி முன் அச்சுக்கும், இன்னொரு பகுதி ட்ரெய்லரின் சொந்தச் சக்கரங்களுக்கும் போய்விடும். சரியாகப் பூட்டிய இந்தக் கம்பிகள் திருப்பித் தரும் பாரத்துக்கு முன்னால், ஓர் அடி வீல்பேஸ் தரும் 25 பவுண்ட் ஒன்றுமில்லை.

வீல்பேஸ் உண்மையில் கைகொடுப்பது பக்கவாட்டில். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி முந்திப் போகும்போது அதன் காற்று ட்ரெய்லரை ஒரு பக்கம் தள்ளும். ட்ரெய்லர் தன் மூக்கால் பிக்கப்பின் வாலைத் தள்ளும். கரண்டிக் குழியை மேலிருந்து அழுத்துவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் தட்டியது போல. நீள வண்டியில் அந்தத் தட்டலுக்கு மூக்கு குறைவாகத் திரும்பும், ஸ்டியரிங்கைத் திருத்தவும் ஓட்டுநருக்கு நேரம் கிடைக்கும். நாளெல்லாம் ஓட்டுகிறவருக்குத் தோளில் தெரியும் வித்தியாசம் இது. ஆனாலும் பின்பக்கம் பாரம் ஏற்றப்பட்டு, மூக்கில் பத்து சதவீதம்கூட இல்லாத ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால் எந்த வீல்பேஸும் காப்பாற்றாது. சாமானை முன்னால் நகர்த்தி அடுக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பயண ட்ரெய்லர்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு புழங்குகிறது. 20 அடி ட்ரெய்லருக்கு 110 அங்குல வீல்பேஸ் வேண்டும், அதற்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் 4 அங்குலம் கூட வேண்டும். இதன்படி 145 அங்குல வண்டிக்கு 29 அடிக்குச் சற்றுக் குறைவு, 157 அங்குல வண்டிக்கு 32 அடிக்குச் சற்றுக் குறைவு. எடையையே பார்க்காத கணக்கு இது. முதல் பார்வைக்கு உதவும், முடிவெடுக்க உதவாது.

முடிவெடுக்க உதவுவது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் டயர் விவரச் சீட்டு. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவை எண் வேறு. அது எஸ்ஏஇ ஜே2807 என்ற விதிமுறைப்படி வருவது. அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் 11.4 மைல் தூரம், மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற முடிகிறதா என்பதும் அதில் ஒரு சோதனை. எஞ்சினின் திராணியை அது சொல்லும், கதவுச் சீட்டு உங்கள் குடும்பத்தைக் கணக்கில் எடுக்கும். சீட்டில் 1,600 பவுண்ட் என்றிருந்தால், மூக்குப் பாரம் 800, ஹிட்ச் 100, நான்கு பேர் 600 போக மிச்சம் 100. சமையல் பெட்டியும் தண்ணீரும் வைப்பதற்குள் அதுவும் தீர்ந்துவிடும். அனுமதித்த மொத்த எடை ஒன்றாகவே இருந்தால், லாங் பெட் வண்டியின் சொந்தக் கனம் அதிகம் என்பதால் இந்த எண் சற்றுக் குறைந்தே இருக்கும். வாங்குவதற்கு முன் கதவைத் திறந்து படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீளத்துக்கு அன்றாடக் கூலியும் உண்டு. நான்கு கதவு, எட்டு அடித் தொட்டி எஃப்-250 ஏறத்தாழ 22 அடி. பல கடை வாசல்களில் வண்டி நிறுத்தக் கோடு போட்ட இடம் 18 அடிதான். மரங்களுக்கு நடுவே இருக்கும் முகாம் இடத்தில் ட்ரெய்லரைப் பின்னோக்கி நுழைக்கும்போது நீள வண்டியின் மூக்கைத் திருப்ப எதிர்ப்பக்கத்தில் நிறைய இடம் வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பம்பரில் மாட்டும் ட்ரெய்லருக்கு. ஃபிஃப்த் வீல் ட்ரெய்லருக்கு வந்தால் கதை தலைகீழ். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுத்து வரும் லாரிகளில் பார்த்திருப்பீர்கள். ட்ரெய்லரின் கழுத்து வண்டியின் மேலேயே ஏறி, ஒரு தட்டின் மேல் உட்காரும். பிக்கப்பில் அந்தத் தட்டைத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது ஒரு பிடி முன்னால் பொருத்துவார்கள். கரண்டிக் குழியை விளிம்பின் மேலேயே கொண்டுவந்து வைத்தாயிற்று. இனி எவ்வளவு ஊற்றினாலும் காம்பு விரலைத் தூக்காது. மூக்குப் பாரம் 15 முதல் 25 சதவீதம் வரை இருந்தும் வண்டி நிதானமாக நிற்பதற்கு இதுதான் காரணம். 12,000 பவுண்ட் ட்ரெய்லரென்றால் தட்டில் 2,400 பவுண்ட் இறங்கும். அதனால்தான் கனரக வண்டிகள்.

இங்கே தொட்டியின் நீளம் வேறொரு வேலைக்கு வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சாலைகளில் ட்ரெய்லரின் அகலம் 102 அங்குலம் வரை இருக்கலாம். அதில் பாதி 51. வண்டி ட்ரெய்லருக்குச் செங்குத்தாகத் திரும்பினால், தட்டின் நடுவிலிருந்து 51 அங்குல தூரத்தில் ட்ரெய்லரின் பக்கச் சுவர் கேபினை நோக்கி நிற்கும். எட்டு அடித் தொட்டி எஃப்-250இல் பின் அச்சிலிருந்து கேபினின் முதுகு வரை சுமார் 56 அங்குலம். ஆறே முக்கால் அடித் தொட்டியில் 16 அங்குலம் குறைந்து சுமார் 40. ஐம்பத்தொன்று எப்படி நாற்பதுக்குள் போகும்? கேபினின் பின் கண்ணாடி சிதறும், கூரை மடியும். முழுச் செங்குத்துக்கு வரும் முன்பே ட்ரெய்லரின் முன் மூலை இன்னும் நெருங்கி வரும் என்பதால், இப்போது பல ட்ரெய்லர்களின் நெற்றி மூலைகளை வெட்டி, சரித்துச் செய்கிறார்கள். கனமான ஃபிஃப்த் வீல் வாங்குவது உறுதி என்றால் எட்டு அடித் தொட்டியே வாங்குங்கள் என்று நான் சொல்வது இந்த 40க்கும் 51க்கும் இடைப்பட்ட கணக்கை வைத்துத்தான்.

ஏற்கெனவே ஷார்ட் பெட் வைத்திருப்பவர் நகரும் தட்டைப் பொருத்திக்கொள்ளலாம். கையால் இயக்கும் வகையில், வண்டியைத் திருப்புவதற்கு முன்பே நேராக நிறுத்தி, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, பூட்டை விடுவித்து, பிக்கப்பை மெல்ல முன்னால் நகர்த்த வேண்டும். தட்டு தண்டவாளத்தில் பின்னுக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும், கேபினுக்கு இடம் கிடைக்கும். அந்த நிலையில் பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விடுகிறது, குழி மறுபடி விளிம்பைத் தாண்டிவிட்டது. ஆகவே நிறுத்துமிடத்தில் ஊர்ந்து போவதற்கு மட்டும் அது. சாலைக்கு ஏறும் முன் தட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும். தானாகவே நகரும் வகையும் இருக்கிறது. விலை கூடுதல், எடையும் கூடுதல், அந்த எடையும் கதவுச் சீட்டின் எண்ணிலிருந்துதான் கழியும்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும், புதிதாக மாட்டிய ஜோடியை முதல் நாள் காலி மைதானத்துக்குக் கொண்டுபோய், இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை மிக மெதுவாக முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து ட்ரெய்லரின் மூலை சரியாகத் தெரியாது. வெளியே ஒருவர் நின்று, கேபினுக்கும் அந்த மூலைக்கும் நடுவே எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரட்டும்.