அடைக்கோழிக்குப் பதில் 12 வோல்ட்

கல்வராயன் மலையின் மார்கழிக் குளிர் முட்டைக்கு ஆகாது. 21 நாளும் கருவுக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். தெர்மாகோல் பெட்டி, சின்ன விசிறி, தெர்மோஸ்டாட், 21 வாட் வண்டி பல்பு இரண்டு. வெள்ளிமலைச் சிறுவிடைக் கோழி முட்டையைப் பொரிக்க இவை போதும்.

ஏன் 12 வோல்ட்? ஈரப்பதத்துக்காக உள்ளே தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். கையை விடும் இடத்தில் 230 வோல்ட் வம்பு. கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கும். வோல்ட் குறைவு என்றால் சூடு குறையாதா? குறையாது: சூடு வாட்டைப் பொறுத்தது. 12 வோல்ட்டில் 42 வாட்டுக்கு 3.5 ஆம்பியர் ஓடும். ஆகவே ஒயரின் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது.

18ஆம் நாள் வரை முட்டையைத் தினமும் 3 முறையாவது திருப்பாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தொடக்கூடாது, ஈரத்தைக் கூட்டலாம். கடைசி வாரம் பல்பு அடிக்கடி அணைந்தால் பழுதல்ல: வளர்ந்த கருவே சூடு விடுகிறது.