ஈர வண்ணத்தில் ஒட்டிய மணல்

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ‘ட்ரூவில் கடற்கரை’ என்றொரு சிறிய ஓவியம் இருக்கிறது. அகலம் அரை மீட்டர்கூட இல்லை. இடப்பக்கம் வெள்ளை உடையும் பூ வைத்த தொப்பியுமாக ஒரு பெண். வலப்பக்கம் கறுப்பு உடையில் இன்னொரு பெண். இருவருக்கும் நடுவே ஆளில்லாத நாற்காலி. பின்னால் கடற்கரையும் மேகம் திரண்ட வானமும். பிரான்சின் ட்ரூவில் கரையில் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1870 கோடையில் வரைந்தது.

இந்த ஓவியத்தை உருப்பெருக்கியில் வைத்து ஆராய்ந்தவர்கள் வண்ணத்துக்குள் மணல் துகள்களும் சிப்பித் துணுக்குகளும் புதைந்திருப்பதைக் கண்டார்கள்.

எண்ணெய் வண்ணம் தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டிப்படுகின்றன. அதற்குப் பல நாள் பிடிக்கும். அதுவரை மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருக்கும். காய்ந்துபோன படத்தின்மேல் விழும் மணலைத் தட்டிவிடலாம். ஈரத்தில் விழுந்த மணலோ வண்ணத்தோடு சேர்ந்தே இறுகிவிடுகிறது. ஆகவே, மோனே அந்தக் கரையிலேயே காற்றடிக்கும்போது உட்கார்ந்து வரைந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்படி வெளியே போய் வரைய ஒரு சின்னக் கருவி துணை செய்தது. முன்பெல்லாம் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். ஒருமுறை குத்தித் திறந்தால் திரும்ப மூடுவது பெரும்பாடு. லண்டனில் இருந்த அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் 1841இல் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பிதுக்கி எடுத்துவிட்டு மூடியைத் திருகிக்கொள்ளலாம். வண்ணப்பெட்டி தோளில் ஏறியது.

வெளிச்சம் ஓவியனுக்காகக் காத்திருக்காது. அதனால் மோனே ஈரத்தின்மேலேயே ஈர வண்ணத்தை அகலமான தீற்றல்களாக இழுத்திருக்கிறார். வெள்ளை உடை சில தடித்த கோடுகள்தான். முகங்களில் கண்ணும் மூக்கும் சரியாகத் தெரியாது. ‘இம்ப்ரெஷனிசம்’ என்ற பெயர் இந்தப் பாணிக்கு 1874இல்தான் வந்தது.

அந்த வெள்ளை உடைப் பெண் மோனேயின் மனைவி கமீல் என்றே கருதப்படுகிறது. 1870 ஜூன் 28 அன்றுதான் இருவருக்கும் திருமணம் நடந்தது. மகன் ழானுக்கு அப்போதே மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு உடைப் பெண், இளம் மோனேயைத் திறந்தவெளிக்கு அழைத்துப்போய் வரையப் பழக்கிய எழேன் பூதேனின் மனைவியாக இருக்கலாம். காலி நாற்காலியில் ஏதோ தொங்குகிறது. அது குழந்தையின் செருப்பு என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் ழான் பக்கத்தில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். மணலை இறைத்தது காற்று மட்டும்தானா என்றுகூட நினைக்கத் தோன்றுகிறது.

ஜூலை 19 அன்று பிரான்ஸ் பிரஷ்யாவோடு போரில் இறங்கியது. அந்த இலையுதிர் காலத்தில் மோனே லண்டனுக்குப் போய்விட்டார். 1879இல், 32 வயதில், கமீல் இறந்தார்.

அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1897இல், முதியவர் பூதேன் மோனேக்கு ஒரு கடிதம் எழுதினார். ட்ரூவில் நாட்களையும், கமீலையும், சின்னப் பையன் ழான் மணலில் விளையாடியதையும் அதில் நினைவுகூர்ந்திருந்தார்.